மாடிப் பூங்காவிலிருந்து பாஸ்கோ வரை

எங்கள் மெடிக்கலுக்கு வருஷம் பிறந்தால் மருந்துக் கம்பெனி ரெப்புகள் காலண்டர் கொண்டுவந்து வைப்பார்கள். அப்படி வந்த ஒன்றில், ஆகஸ்ட் மாதத் தாளில் அந்தப் படம் இருந்தது. செங்காவி நிறத்தில் அரித்துப்போன பாறை. உச்சியில் அதே நிறத்தில் இடிந்த மண்சுவர்கள். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. கீழே ஊர்ப் பெயர் எதுவும் போடவில்லை. செப்டம்பர் பிறந்ததும் மற்ற தாள்களைப் போல அதையும் கிழித்துப் பொட்டலம் மடிக்க எனக்கு மனசு வரவில்லை. மாத்திரை டிராயரில் அடியில் வைத்தேன். நாலு வருஷம் அங்கேயே கிடந்தது.

நான் சுவரோரம் வளர்ந்தவள். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. சென்னையின் தென்பக்கம் இருப்பவர்களிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது. பழைய மதராஸைச் சுற்றிக் கட்டிய காப்புச் சுவரில் மிச்சமிருக்கும் துண்டு அது. அதன் மேலேதான் பூங்கா. 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை முற்றுகை போட்டது, ஊரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் ஹைதர் அலி. 1769இல் அவருடைய குதிரைப்படை சென்னை வாசலுக்கே வந்து நின்றது. அந்தக் காலத்துப் பயத்தில் எழும்பிய சுவர். அதற்காக ஊராரிடம் வாங்க நினைத்த வரியின் பெயர்தான் சென்ட்ரல் பக்கத்தில் இன்னமும் வால்டாக்ஸ் ரோடு என்று இருக்கிறது. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயசில் எங்களுக்கு அது மலை. வடசென்னையில் வேறு மலை ஏது? பள்ளிக்கூடம் விட்டதும் நானும் தம்பியும் படியேறி மேலே போய் நின்றால் மொட்டை மாடிகளும், அதற்கப்பால் துறைமுகத்துக் கிரேன்களும் தெரியும். அவன் எப்போதும் எனக்கு முன்னால் ஏறிவிடுவான்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சுகர் மாத்திரைக்கு மாதாமாதம் கடைக்கு வருவார். ஒரு நாள் டிராயர் திறந்திருந்தது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது பாஸ்கோம்மா. லடாக்ல, லேவுலேருந்து ஸ்ரீநகர் ரோட்டுல நாப்பது கிலோமீட்டர். அந்தப் பாறைக்குக் கீழ எத்தனை வாட்டி வண்டியில போயிருக்கேன் தெரியுமா" என்றார். அன்று ராத்திரி கடை அடைத்து வீட்டுக்கு வந்து செல்லில் தேடினேன். அவர் சொன்னது சரி.

லடாக்கை ஆண்ட நாம்கியால் வம்சம் தோன்றியதே பாஸ்கோவில்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் பாஸ்கோ அரசர் பகன், லேவில் இருந்த அரசரை வென்று இரண்டு பகுதியையும் ஒன்றாக்கினார். 1680வாக்கில் திபெத்திலிருந்து மங்கோலியப் படை லடாக்குக்குள் புகுந்தபோது லடாக்கியர்கள் பின்வாங்கி வந்து கதவடைத்துக்கொண்டது இந்தப் பாறைக் கோட்டையில். முற்றுகை மூன்று வருஷம் நீண்டது என்று அங்கே சொல்கிறார்கள். கடைசியில் காஷ்மீரிலிருந்து முகலாயப் படை உதவிக்கு வந்தது, 1684இல் திங்மோஸ்காங் என்ற ஊரில் உடன்படிக்கை ஆனது. படித்துக்கொண்டு வந்தவளுக்கு மாடிப் பூங்காதான் ஞாபகம் வந்தது. இங்கே கடல் மட்டத்தில் ஒரு சுவர், அங்கே பத்தாயிரம் அடிக்கு மேலே ஒரு சுவர், இரண்டும் முற்றுகைக்குப் பயந்தவர்களுடையது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

துணைக்குத் தம்பி வந்தான். அவனுக்கு முப்பத்தெட்டு வயசு, துறைமுகத்தில் கன்டெய்னர் லாஷிங் வேலை. இரும்பு ராடைத் தலைக்கு மேல் தூக்கிப் பூட்டுகிற வேலை அது, நோஞ்சான்களால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபுட்பால். காசிமேட்டில் அலைக்குள் நீந்திப் பழகிய உடம்பு. என்னோடு வருகிறேன் என்று அவன் சொன்னபோது அம்மாவுக்கு நிம்மதி. "அவன் கூட இருந்தா போதும்டி, உன்னைத் தூக்கிக்கினே ஏறிடுவான்" என்றாள்.

இந்த இடத்தில் மருந்துக் கடைக்காரியாகக் கொஞ்சம் பேச வேண்டும். லேவுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் இப்போது நான் பிடித்து உட்கார வைத்து இதைச் சொல்கிறேன்.

மேலே ஆக்சிஜன் குறைவு என்று எல்லோரும் சொல்வோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் ஒன்றுதான், 21 சதவீதம். காசிமேட்டிலும் அதேதான், லேவுக்கு மேலே இருக்கும் கர்துங் கணவாயிலும் அதேதான். குறைவது காற்றின் அழுத்தம். லே இருக்கும் 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 65 சதவீதம். ஒரு மூச்சில் நாம் இழுப்பது அதே அளவு காற்று, ஆனால் அதற்குள் இருக்கும் சரக்கு மூன்றில் இரண்டு பங்குதான். இது தெரிந்ததும் உடம்பு முதலில் வேகமாக மூச்சு விட ஆரம்பிக்கிறது. அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போய், ரத்தத்தின் அமிலத்தன்மை குறைகிறது. உடனே மூளை, போதும், மெதுவாக விடு என்கிறது. தூக்கத்தில் இந்த இழுபறி இன்னும் மோசம். நாலு மூச்சு ஆழமாக, அப்புறம் சில விநாடி மூச்சே இல்லை, திடுக்கென்று மறுபடியும். சிறுநீரகம் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு ரத்தத்தைச் சரிக்கட்டிய பிறகுதான் மூச்சு ஒரு நிலைக்கு வரும்.

அதற்கு உதவும் மாத்திரை எனக்குப் பழைய சிநேகிதம். அசெட்டசோலமைடு, டயமாக்ஸ் என்று கேட்டு வருவார்கள். கண்ணில் அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு வருஷக்கணக்காக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதே மாத்திரை சிறுநீரகத்தைத் தள்ளிவிட்டு, மூன்று நாள் வேலையைச் சீக்கிரம் செய்ய வைக்கிறது. ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். வழக்கமாகத் தருவது காலையும் மாலையும் 125 மில்லிகிராம். சல்ஃபா ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். யாரும் கடையில் வந்து தானாக வாங்கி விழுங்கக் கூடாது. நான் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கினேன். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருந்தது, மற்றபடி தொந்தரவில்லை. தம்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டான். "எனக்கு எதுக்குக்கா மாத்திரை? நான் இன்னா பேஷன்ட்டா?"

ஏற்பாடு செய்தவர் கொடுத்த பயணத் திட்டத்தைப் பற்றி எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது. முதல் நாள் காலை லேயில் இறக்கம், சாயங்காலம் அரண்மனை. இரண்டாம் நாள் கர்துங் கணவாய். அங்கே வைத்திருந்த பழைய பலகையில் 18,380 அடி என்று போட்டிருந்தது, உண்மையில் அளந்தால் 5,359 மீட்டர், அதாவது பதினேழாயிரத்து ஐந்நூறு அடிக்குச் சற்று மேல். அதுவே பயங்கர உயரம். முந்தின நாள் ராத்திரி மீனம்பாக்கத்தில் கடல் மட்டத்தில் நின்ற ஒருவரை மறுநாளுக்கு அடுத்த நாள் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும்? மூவாயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் ராத்திரி படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். விமானத்தில் போகிற நாம் அதை முதல் நாளே மீறிவிட்டுத்தான் இறங்குகிறோம். அதனால் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும். போன் போட்டுக் கேட்டேன். "எல்லாரும் போறாங்க மேடம். கற்பூரம் வச்சு மோந்துக்கிட்டா சரியாப் போயிடும்" என்று பதில் வந்தது. கற்பூரம் மூக்கைச் சில்லென்று ஆக்கும். ரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜன்கூட அதனால் ஏறாது. கர்துங் கணவாயை நான் திட்டத்திலிருந்து அடிக்கச் சொல்லிவிட்டேன்.

நேரமும் விடுமுறையும் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஸ்ரீநகர் போய் அங்கிருந்து தரைவழி. ஸ்ரீநகர் ஆயிரத்து அறுநூறு மீட்டர் இருக்கும், ராத்திரி கார்கிலில் தங்கினால் 2,700, அடுத்த நாள் லே. படிப்படியாக ஏறலாம், அதோடு பாஸ்கோ லேவுக்கு முன்னாலேயே வந்துவிடும். மணாலி ரோடு அப்படியில்லை. நடுவில் சர்சுவில் 4,200 மீட்டருக்கு மேலே கூடாரத்தில் படுக்க வைத்துவிடுவார்கள். அங்கே ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

டெல்லியிலிருந்து விடிகாலை விமானம். ஜன்னலுக்கு வெளியே பனிமலைகள் வந்ததும் தம்பி வாயைத் திறக்கவில்லை, நெற்றியைக் கண்ணாடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். லேயில் இறங்கிப் பெட்டி எடுத்து, கெஸ்ட் ஹவுஸ் போய்ச் சேர்ந்து பையைத் திறந்தால் வண்ணாரப்பேட்டையில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் பலூன்போல் உப்பி நிற்கிறது. விரலால் தட்டினால் டொக்கென்று சத்தம். நம் ஊர்க் காற்றை உள்ளே வைத்துச் சூடு போட்டு ஒட்டிய பாக்கெட். வெளியே அழுத்தம் குறைந்ததும் உள்ளே இருப்பது பிதுங்குகிறது. "பார்த்தியாடா, நம்ம உடம்பும் இப்ப இந்த மாதிரிதான் முழிச்சிக்கினு இருக்கும்" என்று காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான்.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரை அமாலே என்று கூப்பிட்டார்கள். லடாக்கி மொழியில் அமா என்றால் அம்மா, லே மரியாதைக்குச் சேர்ப்பது. அதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அவர் எங்களைப் பார்த்து, தலைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் சேர்த்து வைத்துத் தூங்குங்கள் என்று சைகை காட்டினார். நான் தூங்கினேன். சாயங்காலம் எழுந்தபோது தம்பி படுக்கையில் இல்லை.

அவன் ஊர் தலைக்கு மேலே இருக்கும் சேமோ கோட்டைக்கு ஏறியிருந்தான், லே அரண்மனையையும் தாண்டி. இறங்கி வந்தவன் முகத்தில் பெருமை. "இருபது நிமிஷம்க்கா. வெளிநாட்டுக்காரங்க எல்லாம் உக்காந்து உக்காந்து ஏறினாங்க." நான் திட்டினேன். அவன் சூப் குடித்துவிட்டுப் படுத்தான்.

மலைநோய் உடனே வராது. ஆறு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அதில்தான் ஆள் ஏமாறுவது. ராத்திரி பதினொன்றரைக்குப் பாத்ரூமில் வாந்திச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். "ஒண்ணியும் இல்லக்கா. சூப்பு ஒத்துக்கல." எப்போதிலிருந்து தலை வலிக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. கையைப் பிடித்துக் கேட்டதும், "இறங்கும்போதே இடிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றான். ஆறு மணி நேரமாக மறைத்திருக்கிறான்.

பையிலிருந்து ஆக்ஸிமீட்டரை எடுத்தேன். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2021 மே மாதம் அப்பா விரலில் மாட்டிய அதே மெஷின். அன்றைக்கு எங்கள் கடை வாசலில் ஆக்ஸிமீட்டர் கேட்டு நின்ற கூட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று ஊரெல்லாம் மனப்பாடம். அப்பாவுக்கு 71 காட்டிய ராத்திரி, ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தபடி படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இவன்தான். அப்பா திரும்பி வரவில்லை. லேவுக்குக் கிளம்பும்போது மற்ற மருந்தோடு அந்த மெஷினையும் பையில் போட்ட எனக்கு, அவனுக்கு அது என்னவாகத் தெரியும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முதலில் என் விரலில் மாட்டிக் காட்டினேன். 87. அவன் கண் விரிந்தது. "டேய், இங்க இதுதான் கணக்கு. இந்த உயரத்துல நல்லா இருக்கிறவனுக்கே எண்பத்தஞ்சு, தொண்ணூறுதான் காட்டும். அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் இறங்கிச்சு. உனக்கும் எனக்கும் வெளிய காத்து கம்மி, அதான் இறங்குது. ரெண்டும் ஒண்ணு இல்ல." கொஞ்ச நேரம் கழித்து அவனே விரலை நீட்டினான். 76. எனக்கு வயிறு கலங்கியது, காட்டிக்கொள்ளவில்லை.

எனக்குத் தெரிந்த இரண்டு சோதனைகளைச் செய்தேன். நடைபாதையில் கற்பலகைகள் சேரும் கோடு நேராக ஓடியது. குதிகால் முன்கால் விரலில் ஒட்டும்படி அதன் மேல் நடக்கச் சொன்னேன். மூளையில் வீக்கம் வந்தால் குடித்தவன்போல் தள்ளாடும், பேச்சு குழறும். அவன் காசிமேட்டில் படகு விளிம்பில் நடப்பதுபோல் இரண்டு கையையும் லேசாக விரித்துக்கொண்டு, பத்தடி நேராக நடந்தான், திரும்பி வந்தான். அடுத்தது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்குகிறதா, இருமல் இருக்கிறதா. நுரையீரலில் நீர் கோர்த்தால் படுக்க முடியாது, உட்கார்ந்தாலும் இரைக்கும், சளி இளஞ்சிவப்பு நுரையாக வரும். அது எதுவும் இல்லை. இந்த இரண்டில் ஒன்று இருந்திருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே அப்போதே கீழே இறக்கியாக வேண்டும், அதற்கு மிஞ்சிய மருந்து கிடையாது.

அமாலே எழுந்து வந்துவிட்டார். அவர் பேரன் வண்டி எடுத்தான், அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுற்றுலா வருபவர்கள் இப்படி வந்து படுப்பது அங்கே தினசரி நடப்பது போலும், யாரும் பதறவில்லை. இளம்வயது டாக்டரம்மா முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அடிவரை நிதானமாகக் கேட்டார். நுரையீரலில் நீர் இல்லை என்றார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், தலைவலிக்குப் பாரசிட்டமால், கூடவே அந்த டயமாக்ஸ். பத்து நிமிஷத்தில் 93. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்தில் ஈரம்.

விடியற்காலையில் எங்களை அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது இது. கட்டுமஸ்தான இளவட்டங்கள்தான் இங்கே அதிகம் வருகிறார்கள். உடற்பயிற்சிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை, பலசாலி வேகமாக ஏறிவிடுவான், தலை வலித்தால் சொல்ல மாட்டான், அதுதான் ஆபத்து. இதை ஊருக்கு வந்து படித்துப் பார்த்தேன். 1962 போரில் சமவெளியிலிருந்து அவசர அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட நம் வீரர்கள் இந்த நோயில் விழுந்தார்கள். அவர்களைப் பார்த்த ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவும் 1,925 வீரர்களை வைத்து எழுதிய ஆய்வு 1969இல் வந்தது. உலகம் முழுக்க மலைநோயைப் படிப்பவர்கள் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். படைக்குத் தேர்ந்தெடுத்த உடம்புகளே விழுந்திருக்கின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சீன வரலாற்று நூலிலும் இந்தியாவின் வடமேற்குப் பக்கம் வரும் வழியைச் சொல்லும்போது பெரிய தலைவலி மலை, சின்ன தலைவலி மலை என்று பெயர்கள் வருகின்றன. மனிதர்களுக்கு உடம்பு காய்ந்து, நிறம் வெளுத்து, தலை வலித்து வாந்தி வரும், கழுதைக்கும் மாட்டுக்கும் அதே கதி என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மலையில் யாரும் தப்பவில்லை, யாருக்கும் அது கௌரவக் குறைச்சலும் இல்லை.

அடுத்த இரண்டு நாள் நாங்கள் எங்கேயும் போகவில்லை. என்னைக் கேட்டால் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவைதான். முற்றத்தில் வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மொட்டை மாடியில் ஆப்ரிகாட் பழம் காய்ந்துகொண்டிருக்கும். அமாலே பூண்டு சூப் வைத்துக் கொடுப்பார். அது நோயைத் தீர்க்காது, ஆனால் சூடாக இருந்தது, வயிற்றில் தங்கியது. உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த டீயைத் தம்பி முதல் வாயிலேயே முகம் சுளித்தான், மூன்றாம் நாள் கேட்டு வாங்கிக் குடித்தான். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் லே அரண்மனை நேர் எதிரே. சிங்கே நாம்கியால் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில் எழும்பிய ஒன்பது மாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜம்முவிலிருந்து வந்த டோக்ராக்கள் ஊரைப் பிடித்ததும் அரச குடும்பம் ஆற்றுக்கு அக்கரையில் ஸ்டோக் கிராமத்துக்குப் போய்விட்டது. காலையில் ஒரு நிறம், மத்தியானம் ஒரு நிறம், சாயங்காலம் இன்னொன்று என்று அந்தச் சுவர் மாறுவதை முழு நாளும் பார்க்க முடிந்தது. அரை மணி நேரத்தில் ஏறி இறங்கி ஓடுபவர்களுக்கு அது கிடைக்காது.

அந்த இரண்டு நாளில் அவன் அப்பாவைப் பற்றிப் பேசினான். நாலு வருஷமாகப் பேசாததை எல்லாம் பேசினான். அது எங்களுக்குள்.

ஐந்தாம் நாள் ஷே என்ற ஊர் வரை போய் வந்தோம், அங்கே அரண்மனைக் கோயிலில் இருக்கும் பெரிய செப்பு புத்தரைப் பார்த்தோம். தம்பிக்குத் தலைவலி இல்லை. ஆக்ஸிமீட்டரை அவனே கேட்டு மாட்டிக்கொண்டான். 90.

ஆறாம் நாள் பாஸ்கோ.

நிம்முவில் சிந்து ஆறும் ஜன்ஸ்காரும் கலக்கும் இடத்தைத் தாண்டி வண்டி ஒரு வளைவில் திரும்பியது. காலண்டர்ப் படம் அப்படியே எழுந்து நின்றது. என் கையில் மடித்துப் பழுத்துப்போன அந்தத் தாள் இருந்தது. படத்தில் தெரியாத ஒன்று, அடியில் இருக்கும் பச்சை. பாப்ளர் மரங்கள், அறுத்து அடுக்கிய பார்லி, ஒரு வாய்க்கால். அதற்கு மேலே ஒரு புல்கூட இல்லாத பாறை.

பாஸ்கோ லேவைவிடத் தாழ்வுதான். ஆனாலும் ஏற்றம் ஏற்றமே. தம்பி இந்தத் தடவை எனக்குப் பின்னால் வந்தான். கீழே நின்று, "அக்கா, நாலு அடி வச்சா ஒரு நிறுத்தம். வலை இழுக்கிற கணக்கு" என்றான். ஐலசா என்று இழுத்து நாலு அடி, நின்று இரண்டு மூச்சு, மறுபடி ஐலசா. காசிமேட்டில் வலை இழுக்கும்போது யாரும் தனியாக வேகம் காட்ட மாட்டார்கள், காட்டினால் கயிறு கையை அறுக்கும். அந்தத் தாளத்தில் ஏறினோம். எங்களைத் தாண்டி ஒரு கிழவர் விறகுச் சுமையோடு போனார். தம்பி "ஜூலே" என்று வணக்கம் சொல்லி ஒதுங்கி வழி விட்டான்.

மேலே போய்ச் சுவரில் கை வைத்தேன். வெயிலில் காயவைத்த மண் செங்கல். உள்ளே வைக்கோல் துணுக்கு தெரிகிறது. ஒரு செங்கல்லின் முகத்தில் நாலு விரல் பதிந்த பள்ளம், அச்சிலிருந்து எடுக்கும்போது யாரோ பிடித்த இடம். என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன், என்னுடையதைவிடச் சின்னக் கை. லேயில் வருஷம் முழுக்கப் பெய்வது 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் பெய்வது 1,400. நம் ஊர் மழைக்கு இந்தச் சுவர் இரண்டு கார்த்திகை தாங்காது. இங்கே நூறு நூறு வருஷமாக நிற்கிறது. ஆனால் 2010 ஆகஸ்டில் ஒரே ராத்திரி மேகம் உடைந்து லேயில் வெள்ளம் வந்து ஏராளமானோர் செத்தார்கள். மழை மாறினால் மண் சுவருக்குப் பாதுகாப்பில்லை.

இடிபாடுகளுக்கு நடுவே மைத்ரேயர் கோயில்கள் மட்டும் முழுசாக இருக்கின்றன. வரப்போகும் புத்தர் அவர். உள்ளே இருட்டுக்குக் கண் பழகியதும், தலைக்கு மேலே மாடி உயரத்தில் மண்ணால் செய்த அவர் முகம். சுவரெல்லாம் ஓவியம். 2000ஆம் வருஷம் உலகில் அழியும் ஆபத்தில் உள்ள நூறு நினைவுச் சின்னங்களின் பட்டியலில் பாஸ்கோ இருந்தது. அப்போது ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து, அதே மண், அதே மரம், பழைய கைமுறையை வைத்து மராமத்து பார்த்தார்கள். 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் முதல் நிலை அவர்களுக்குக் கிடைத்தது. கோயில் சாவி வைத்திருந்த பெரியவர் எங்களுக்குப் பூசிய சுவரைத் தொட்டுக் காட்டினார், பழைய பூச்சு எது, புதிய பூச்சு எது என்று. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கு அதில் சந்தோஷம்.

கோட்டையின் விளிம்பில் ஒரு காவல் கோபுரத்தின் அடி மட்டும் மிச்சம். அதில் உட்கார்ந்து இருவரும் முறுக்கு தின்றோம். அந்த உப்பிய பாக்கெட்டை அப்போதுதான் பிரித்தான், பட்டென்று வெடித்தது. கீழே ரோட்டில் லாரிகள் எறும்பு மாதிரி. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் உட்கார்ந்து யாரோ, தண்ணீர் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். தம்பி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மாடிப் பூங்கா மேல நின்னா ஹார்பர் தெரியும்ல, அந்த மாதிரிக்கா" என்றான்.

லேயிலிருந்து கிளம்பும் அன்று காலையில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் காலி பாட்டிலை இறுக்கி மூடி பெட்டிக்குள் போட்டான். எதற்கு என்று கேட்டேன், இரு என்றான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது பாட்டில் நசுங்கிப்போய், இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக் கிடந்தது. யாரோ காலால் மிதித்ததுபோல. அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடா இது, ஒடஞ்சத எடுத்தாந்திருக்க?"

"தொறந்து பாரும்மா."

மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், பாட்டில் அவள் கையிலேயே டொக்கு டொக்கென்று நிமிர்ந்தது. அம்மா பயந்து கையை உதறினாள். அப்புறம் எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக முகர்ந்தாள்.